சேய்மைக் குரலும் செவிச்சான்றும்

வானொலி என்றவுடன் நம்மனோர் உள்ளத்தில் எழுவது, பாட்டும் செய்தியும் சொற்பொழிவும் ஒலிபரப்பும் ஒரு பெருநிலையமே. அங்கே பேசுவோர் சிலர், கேட்போர் பலர், கேட்டவர் மறுமொழி கூறுவதற்கு இடமில்லை. ஆயின் வேறொரு வகை வானொலியும் உலகில் உண்டு. அரசாங்கத்தாரின் உரிமச் சீட்டைப் பெற்று, தம் இல்லத்து மாடியிலோ கொல்லையிலோ ஒரு கம்பியைக் கட்டி, ஊதியங் கருதாமல், ஒருவரோடொருவர் உரையாடுதற்கென்றே வானலைகளைக் கையாள்வோர் பற்பல நாடுகளிலும் உளர். இவரை அமெச்சூர் வானொலியார் என்றும், சுருக்கமாக ஹாம் என்றும் வழங்குவர். மருத்துவரும் ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் இவருள் அடங்குவர்.

இவர்களிற் பலருக்குள்ள பெருவேட்கை, எத்துணைச் சேய்மையிலுள்ள நிலையத்தோடு பேசலாம் என்பதே. சேய்மைக்குத் தந்திக்காரர் வழங்கிய ‘டி.எக்ஸ்.’ என்னும் ஈரெழுத்துக் குறி இன்றும் அவ்வேட்கைக்குப் பெயராய் நிற்கின்றது. ஒருவர் ஒரு சேய்மை நிலையத்தைச் செவியுற்றால், அச்செய்தியை அந்நொடியிலேயே ஏனையோர்க்கு அறிவிக்கும் வழக்கமும் இவரிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கத்தைக் குறித்தே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு வானொலியில் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். செவியாற் கேட்டலையும் பிறரை வினாவுதலையும் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவது நம் மொழி; இத்துறையிலும் அவ்விரண்டும் பிரியாதிருக்கக் கண்டோம். அங்கே யாராவது உளீரோ என்று வினாவிவிட்டு, உடனே செவிசாய்த்திருப்பதே இவர்தம் தொழில்.

கேட்டதை உடனே அறிவித்தல் எதற்காக? நாளைக்குச் சொன்னால் ஆகாதோ எனின், ஆகாது. சிற்றலைகள் நிலவுலகின் வளைவைக் கடந்து சேய்மை செல்வது, வானின் மேற்பகுதியிலுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் நிலத்திற்குத் திரும்புவதனாலேயாம். அம்மண்டலத்தை ஆக்குவது ஞாயிற்றின் கதிர். எனவே பகலில் ஒரு தன்மை, இரவில் ஒரு தன்மை. கோடையில் ஒன்று, மாரியில் ஒன்று. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறியிறங்கும் ஞாயிற்றுக் கறைகளின் தொகைக்கேற்ப வேறொன்று. 14 மெகாஹெர்ட்ஸ் அலை பகற்பொழுதிற்கு உகந்தது, 7, 3.5 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இருள் பரவியபின் நெடுந்தொலை செல்லும். இது பொதுவிதி. இதனுள்ளும், பசிபிக் தீவொன்றின் குரல் பத்து நிமிடம் தெளிவாய்க் கேட்டு, பின்னர் அடியோடு மறைதல் உண்டு. அப்பத்து நிமிடத்திற்குள் அறிந்தவனே பேசினான். மற்றையோன் பிற்றைநாள் கேள்விப்பட்டு வருந்துவான்.

செவியுற்றதை அறிவித்தலின் வரலாற்றில் 1921-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எடுத்துரையாமல் மேற்செல்லுதல் தகாது. அமெரிக்க அமெச்சூர்களின் சிற்றாற்றற் குறிகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்குமா என்பது அந்நாளில் ஐயத்திற்குரிய பொருளாயிருந்தது. அமெரிக்க வானொலிச் சங்கத்தார் பால் காட்லி என்னும் வல்லுநரைக் கருவிகளுடன் கப்பலேற்றி அனுப்பினர். அவர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையிலுள்ள ஆர்ட்ராசன் என்னும் ஊரில், மழையிலும் குளிரிலும், ஒரு கூடாரத்திற்குள் இருந்துகொண்டு இரவெல்லாம் செவிசாய்த்தார். கனெக்டிகட் நாட்டுக் கிரீனிச் என்னும் இடத்தில் நண்பர் சிலர் நிறுவியிருந்த நிலையத்தின் மோர்சுக் குறிகள் அவர் செவியில் விழுந்தன. முழுச்செய்தி ஒன்றையும் அவர் எழுதிக்கொண்டார். இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. அக்கூடாரத்தில் காட்லி தனித்திருக்கவில்லை. மார்க்கோனிக் கம்பெனியைச் சார்ந்த அலுவலர் ஒருவரும் சான்றாக உடனிருந்து கேட்டார். கேட்டவன் ஒருவனே ஆயின், கேட்டது மெய்யோ, கேட்க வேண்டும் என்ற ஆசையோ என்று பிறர் ஐயுறக்கூடுமன்றோ? அதனை முன்னரே எண்ணினர் போலும்.

அதன்பின் நெடுங்காலம், கேட்டதை அறிவிக்கும் கருவி தபாலட்டையே. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அலையில் உம்மைக் கேட்டோம் என்று அச்சிட்ட அட்டை கடல்கடந்து செல்லும். மறு அட்டை திங்கள் பல கழித்து வந்தாலும் வரும். அது சான்றேயன்றி உடனுதவி அன்று. உடனறிவித்தற்கு ஓரூரிலுள்ள நண்பர் தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைத்தனர். ஒருவர் இருவர்க்கும், அவ்விருவர் நால்வர்க்கும் சொல்லும் சங்கிலி அது. நள்ளிரவில் மணியடித்து வீட்டாரின் வெறுப்பைத் தேடிக்கொண்டவர் அதில் பலராகவே இருந்திருப்பர். 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில், கணிப்பொறிகளை வானொலி வழியாகவே இணைக்கும் ‘பாக்கெட்’ முறை பரவியபோது, அமெரிக்கரான டிக் நியூவெல் என்பார் ‘பாக்கெட் கிளஸ்டர்’ என்னும் நிரலை ஆக்கினார். ஒருவர் தட்டெழுதிய வரி அவ்வட்டாரத்தில் இணைந்திருந்தார் அனைவர் திரையிலும் தோன்றியது. ஒரு வட்டாரம் மற்றொன்றோடு இணைந்தது. பின்னர் இணையம் வந்தபின் வட்டார எல்லையும் அழிந்தது. இன்று ஓர் ஊரில் தட்டெழுதிய வரியை மறுநொடியில் உலகெங்கும் உள்ளோர் காண்பர்.

அவ்வரியை ‘ஸ்பாட்’ என்பர். அதன் அமைப்பு மிகச் சிறிது. முதற்கண் கேட்டவரின் அழைப்புக் குறி. அடுத்து அலையெண், கிலோஹெர்ட்ஸ் கணக்கில். அதன்பின் கேட்கப்பட்ட நிலையத்தின் அழைப்புக் குறி. பின்னர் இரண்டொரு சொல்லிற் குறிப்பு. ஈற்றில் உலகப் பொதுநேரம். நம் நாட்டு நேரம் அதனின் ஐந்தரை மணி முற்பட்டது. அவ்வளவே. புகழுரையில்லை, வணக்கமில்லை. ஆயினும் ஐந்து உறுப்புகளுள் முதலுறுப்பே தலையாயது என்பது எம் கருத்து. கேட்டவன் பெயரில்லாத ஸ்பாட் அம்முறையில் இடம்பெறுவதில்லை. அறிவிப்பவன் தன் குறியை முன்னிறுத்தியே பிறன் குறியைச் சொல்லுகின்றான். செய்தி பொய்ப்பின் பழி எவரைச் சாரும் என்பது செய்தியின் முதற்சொல்லிலேயே விளங்கும்.

இதனை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம், நாணத்தோடு அறிந்தோம்.

எம் பெரியப்பா தந்தி அலுவலகத்திற் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நம் நாட்டுத் தந்திச் சேவை 2013-ம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறுத்தப்பட்டபோது, அவர் ஒருநாள் முழுதும் பேசாதிருந்தாராம். மோர்சு அவர்க்குத் தாய்மொழி போன்றது. அவர் மாடியறையில் ஹாம் நிலையம் ஒன்று உண்டு. உரிமத் தேர்வு எழுதும் எண்ணத்தால் யாமும் விடுதியில் ஆறு திங்களாக மோர்சு பயின்று வந்தோம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருநாள் மாலை அவரில்லம் சென்றிருந்தோம். அவர் காப்பி அருந்தக் கீழே இறங்கினார். உரிமமில்லாதார் குறியனுப்புதல் குற்றமாதலின் விசையைத் தொடலாகாது, கேட்பதற்குத் தடையில்லை. செவிக்கருவியை மாட்டிக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸ் அலையைத் துழாவினோம்.

ஓர் இந்திய நிலையம் அழைத்துக்கொண்டிருந்தது. விரைவு சற்று மிகுதி, இரைச்சலும் உண்டு. வி, யு என்னும் எழுத்துக்கள் தெளிவாயின. அடுத்த எண் 4 என்று எமக்குக் கேட்டது. இதன் பொருளை அறியாதார்க்கு ஒன்று கூறவேண்டும். நம் நாட்டின் பெருநிலத்தில் வழங்குவன பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்னும் தொடக்கங்களே. வி.யு.4 என்பது அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு உரியது. அங்கிருந்து ஹாம் குரல் எழுதல் அரிது. எழுந்தால் உலகத்தார் அதனைத் தேடி ஓடிவருவர். எம் நெஞ்சு படபடத்தது. ஈதன்றோ வாய்ப்பு! பெரியப்பாவின் கணிப்பொறி அருகே திறந்தபடி இருந்தது. இரண்டாம் முறை கேளாமலே அலையெண்ணையும் குறியையும் தட்டி அனுப்பிவிட்டோம்.

மோர்சில் 4 என்பது நான்கு புள்ளியும் ஒரு கோடும். 3 என்பது மூன்று புள்ளியும் இரண்டு கோடும். நான்காம் இடத்திலுள்ள ஒரு கோட்டைப் புள்ளியாகக் கொண்டால் பெருநிலம் தீவாகிவிடும். எம் செவி செய்தது அதுவே.

ஒரு நிமிடம் கழிந்திராது. அமைதியாயிருந்த அவ்வலையில் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. ஜப்பானியர், உருசியர், இந்தோனேசியர் என்று யாம் அடையாளங் கண்டவர் சிலர், காணாதார் பலர். அழைத்த அவ்வெளிய மனிதரோ, தமக்குத் திடீரென வந்த இப்பெருமதிப்பின் காரணம் அறியாது, மீண்டும் மீண்டும் தம் குறியை மெல்ல அனுப்பினார். இம்முறை எமக்கும் அது தெளிவாகக் கேட்டது: மூன்று புள்ளி, இரண்டு கோடு.

மாடிப்படி ஏறிவந்த பெரியப்பா ஒலிபெருக்கியைத் திருகிச் சிறிது கேட்டார்; திரையைப் பார்த்தார்; தம் அழைப்புக் குறியின்கீழ் நின்ற அவ்வரியைக் கண்டார். “தம்பி, நாலுன்னு காதில விழுந்ததா, விழணும்னு நினைச்சியா?” என்று மட்டும் கேட்டார். எம்மிடம் விடையில்லை. அவர் அமர்ந்து, அதே அலையெண்ணோடு சரியான குறியை எழுதி, குறிப்பிடத்தில் முந்தியது பிழை என்றும் பிழை தம்முடையது என்றும் சேர்த்து அனுப்பினார். ‘தம்முடையது’ என்ற அச்சொல் எம்மைச் சுட்டது. அதன்பின் மோர்சு விசையை எடுத்து, அம்மனிதரை அழைத்து, ‘எஸ்.ஆர்.ஐ.’ என்று அனுப்பினார். வருந்துகிறேன் என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘ஸ்ரீ’ என்றாகும்; மன்னிப்புக்கு இத்துணை மங்கலமான சுருக்கம் வேறெம்மொழியிலும் இராது. அவர் சிரித்ததை அவர்தம் குறிகளின் நடையிலேயே உணர்ந்தோம்.

நிற்க. எம் பிழை அறியாமையால் வந்தது. இதனினும் தீயது ஒன்றுண்டு. திரையில் ஒரு ஸ்பாட்டைக் கண்டவர், தாம் அந்நிலையத்தைக் கேளாமலே, கண்ட குறியை மெய்யென்று கொண்டு அழைக்கின்றனர். சிலர் தம் நாட்குறிப்பிலும் அதனையே எழுதிவிடுகின்றனர். முதலிற் கேட்டவன் ஓரெழுத்துப் பிழைத்தான் எனில், நூறு பேர் அப்பிழையைத் தம் செவிச்சான்றாகவே பதிவர். ஏடெழுதுவோன் பிழையைப் படியெடுத்தார் பலரும் பெருக்கியதனால் பழைய நூல்களிற் பாடபேதம் பிறந்தது என்று வகுப்பிற் படிக்கின்றோம். ஈங்கும் அதுவே நிகழக் காண்கின்றோம். ஆனால் நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது இங்கே நிமிடங்களில் நிகழ்கின்றது. போட்டிகள் பலவற்றில், ஸ்பாட் உதவி பெறுவோரை ஒரு பிரிவாகவும், தம் செவியொன்றையே நம்பினோரை வேறு பிரிவாகவும் வைத்து எண்ணுதல் இதனால் நேர்மையுடைய ஏற்பாடேயாம்.

மனிதச் செவி பிழைக்குமாயின் பொறிச்செவி பிழையாதோ எனும் எண்ணம் எழுதல் இயல்பு. 2008-ம் ஆண்டில், ஓர் அலைவரிசை முழுதிலும் ஒரே வேளையில் நிகழும் மோர்சு அழைப்புகளைப் படிக்கவல்ல ‘ஸ்கிம்மர்’ என்னும் நிரல் வெளிவந்தது. அதனைப் பயன்படுத்தும் தன்னார்வலர் பலர் தம் நிலையங்களை இணைத்து ‘ரிவர்ஸ் பீக்கன்’ என்னும் வலையை அமைத்தனர். இப்பெயரின் நயம் அறியத்தக்கது. பீக்கன் என்பது கலங்கரை விளக்கம் போன்ற அறிவிப்பு நிலையம். ஒன்று குறியனுப்பப் பலர் கேட்பர். உலகில் 18 இடங்களில் அத்தகைய நிலையங்களை நிறுவும் திட்டம் ஒன்றுண்டு; அதில் கொழும்புக்கும் ஒரு நிலையம் உரியது. ஒவ்வொன்றும் தனக்குரிய பத்து நொடியில், 100 வாட், 10 வாட், 1 வாட், பத்திலொரு வாட் என்று ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்துக் கோடிழுக்கும்; எத்தனையாவது கோடு வரை கேட்டது என்பதைக் கொண்டு வழியின் தன்மையை அறியலாம். ரிவர்ஸ் பீக்கனோ இதன் தலைகீழ். நாம் ஒருமுறை அழைத்தால் போதும். உலகெங்கும் விழித்திருக்கும் பொறிச்செவிகளுள் எவையெவை, எத்துணை வலிமையோடு நம்மைக் கேட்டன என்பது சில நொடிகளில் திரையில் வந்துநிற்கும். பொறிக்கு ஆசையில்லை, தீவு வேண்டும் என்று அது விரும்பாது. ஆயினும் இரைச்சலில் அதுவும் புள்ளியைக் கோடாக்கும். ‘இது பொருந்தாதே’ என்று ஐயுறுதல் மட்டும் அதனினும் நமக்கே எளிது.

இத்துறையில் வியப்புக்குரியவர் ஜோசப் டெய்லர் என்னும் பேரறிஞர். இரட்டைப் பல்சரைக் கண்டறிந்தமைக்காக 1993-ம் ஆண்டில் ரசல் ஹல்சுடன் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றவர். விண்மீனின் மெல்லிய துடிப்பைக் கேட்கப் பழகிய அவர், ஹாம்களின் மெல்லிய குரலையும் கேட்க வழிசெய்தார். 2008-ல் அவர் ஆக்கிய ‘விஸ்பர்’ என்னும் முறையில், நிலையம் தன் குறி, தன் இருப்பிடக் கட்டம், தன் ஆற்றல் என்னும் மூன்றனை மட்டும் ஏறத்தாழ 110 நொடி எடுத்து மெல்ல அனுப்பும். பெயருக்கு ஏற்பக் கிசுகிசுப்பே அது. மனிதச் செவிக்கு வெறும் இரைச்சலன்றி வேறொன்றும் கேளாது. ஒரு வாட்டின் ஐந்திலொரு பங்கு ஆற்றல் கொண்டும் அது கடல்களைக் கடக்கும். கேட்ட நிலையங்கள் தாமே பொதுக்களஞ்சியத்திற்கு அறிவித்துவிடும். 2017-ல் அவரும் ஸ்டீவன் ஃபிராங்கேயும் ஆக்கிய ‘எஃப்.டி.8’ பதினைந்து நொடிக்கு ஒருமுறை குறி மாற்றும் முறை. அது விரைவில் எங்கும் பரவிற்று. அதனைக் கேட்கும் நிலையங்கள் பலவும் தாம் கேட்டதையெல்லாம் உடனுக்குடன் உலகப் படத்திற் பதிகின்றன.

இவ்வாறு குவிந்த செய்திகள் விளையாட்டோடு நின்றில. நதானியேல் ஃபிரிசெல் என்பாரும் உடனாய்வோரும் 2014-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஞாயிற்றின் கனற்சி ஒன்று எழுந்தபொழுது ரிவர்ஸ் பீக்கன் வலையின் அறிவிப்புகள் எவ்வாறு குன்றின என்பதைக் காட்டினர். கனற்சியின் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழடுக்கைத் தடிப்பாக்க, அது சிற்றலைகளை விழுங்கிவிடும். பகற்பக்கத்துச் செவிகள் ஒருங்கே செவிடாகும். 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஆராய்ச்சியாளரின் வேண்டுகோளுக்கிணங்கி ஹாம்கள் வேண்டுமென்றே பேசிக்கொண்டே இருந்தனர். நிழல் சென்ற வேளையில் 14 மெகாஹெர்ட்ஸில் அறிவிப்புகள் குறைந்தன. இரவுக்குரிய தாழ்ந்த அலைகளோ நண்பகலிலேயே நெடுந்தொலை சென்றன. அவர்களுள் ஒருவரும் அயனி மண்டலத்தை அளந்தாரல்லர். கேட்டேன், கேட்கவில்லை என்பதொன்றே அவர்கள் சொன்னது.

‘கேட்கவில்லை’ என்பதும் அறிவிப்பே என்று எமக்குக் காட்டியவர் பெரியப்பாவே. அன்றிரவு, எம் முகவாட்டத்தைக் கண்டோ என்னவோ, பழைய நாட்குறிப்பொன்றை எடுத்துவந்தார். 2004-ம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஏடு அது. ஐதராபாத்துத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஒரு குழுவோடு போர்ட் பிளேயர் சென்று, ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளாக ஹாம் குரல் எழாதிருந்த அந்தமானிலிருந்து உலகோடு பேசிய திங்கள் அது. ஸ்பாட்டுகள் நாள்தோறும் பறந்தன. பெரியப்பாவும் அம்மாதத்தின் முற்பகுதியிலேயே அவரோடு பேசிவிட்டார். ஆயினும் நாள்தோறும் வைகறையில் அந்நிலையத்தைத் தேடிக் கேட்பதை அவர் விடவில்லை.

டிசம்பர் 26-ந் தேதி, உலகப் பொதுநேரம் 00.58-க்குச் சுமாத்ராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் பிளந்தது; நம் நேரம் காலை 6.28. அம்மையார் நிலையத்தில் இருந்த வேளையிலேயே கட்டடம் நடுங்கிற்றாம். பின்னர்க் கடல் பொங்கித் தீவுகளைச் சூழ்ந்ததும், தொலைபேசிகள் ஓய்ந்தபோது அக்குழுவினரின் வானொலியே தீவுக்கும் நாட்டிற்கும் இடையே நலச்செய்திகளைச் சுமந்ததும் யாவரும் அறிந்தவை. ஆயின் முதல் சில மணிநேரத்தில், மலையடிவாரத்து எம் ஊரிலிருந்த ஒரு தந்திக்காரர் அவற்றில் எதனை அறிவார்? ஏட்டில் அன்றைய பக்கத்தைக் காட்டினார். 01.00 என்று நேரம்; எதிரே, பென்சிலில், ‘வி.யு.4 — கேட்கவில்லை’. 01.15, ‘கேட்கவில்லை’. 01.30, ‘கேட்கவில்லை’. பக்கத்தின் அடி வரை அவ்வொரு சொல்லே கால்மணிக்கொரு முறை எழுதப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் எழுத்து பேனாவுக்கு மாறியிருந்தது, முதல் வரியில் அலையெண்ணும் குறியும், அவற்றின் எதிரே, கீழே இருமுறை கோடிட்டு, ‘மெலிது, ஆயினும் அவரே’ என்றும் இருந்தது.